மார்ச் 30-க்கு முன்பே தெரிந்துகொள்ள: கணக்கியல் வரைவுகளைப் பின்தொடரும் சேவைகள், ஒரு மதிப்புரை

2019 மார்ச் 30, சனிக்கிழமை. குத்தகை பற்றிய இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 116-ஐ கம்பெனி விவகார அமைச்சகம் அறிவிக்கை செய்தது. அமல் தேதி ஏப்ரல் 1, திங்கட்கிழமை. வாடகைக்கு எடுத்த கடை, குடோன், லாரி என்று பெரும்பாலான குத்தகைகளை பேலன்ஸ் ஷீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லும் தரநிலை அது. தயாராவதற்கு நடுவில் கிடைத்தது ஒரு ஞாயிறு. அதற்கு முந்தைய ஆண்டு, வருவாய் பற்றிய இண்ட் ஏஎஸ் 115 மார்ச் 28-இல் அறிவிக்கையாகி ஏப்ரல் 1-இல் அமலானது. 2023 திருத்தங்கள் மார்ச் 31-இல் வந்தன, மறுநாளே அமல்.

ஆனால் இண்ட் ஏஎஸ் 116-க்கு மூலமான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16 லண்டனில் வெளியானது 2016 ஜனவரியில். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமான ஐசிஏஐ தன் வரைவைக் கருத்துக்கு விட்டது 2017-இல். வரைவுகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தைக் கையில் தரும் சேவைகள் எவை, எது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதற்கே இந்த மதிப்புரை. பெரும்பாலானவை இலவசம். மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிற ஃபைனான்ஸ் மேனேஜர், ஆடிட் மேனேஜர், பிபிஓ டீம் லீடர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு சொல் விளக்கம். எக்ஸ்போஷர் டிராஃப்ட் என்பதை இங்கே கருத்துக்கேட்பு வரைவு, சுருக்கமாக வரைவு என்று குறிப்பிடுகிறோம். ஆபீஸ் வழக்கில் இதை ‘ஈ.டி.’ என்பார்கள். ‘ஈ.டி. வந்திருக்கு சார்’ என்று முதலாளியிடம் மொட்டையாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. அமலாக்கத் துறைக்கும் அதே பெயர்தான்.

ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளையின் பணித்திட்டப் பக்கம்: 5-க்கு 4½

இந்தத் துறையில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு ஈடு கிடையாது. சர்வதேசத் தரநிலைகளை எழுதும் வாரியமான ஐஏஎஸ்பி எந்தெந்தத் திட்டங்களில் வேலை செய்கிறது, ஒவ்வொன்றிலும் அடுத்த கட்டம் என்ன, அது எப்போது என்ற மூன்று தகவல்களும் ‘ஒர்க் பிளான்’ என்ற ஒரே அட்டவணையில் இருக்கும். மின்னஞ்சல் முகவரி கொடுத்து இலவசக் கணக்குத் தொடங்கிவிட்டால், வேண்டிய திட்டத்தின் பக்கத்தில் ‘ஃபாலோ’ அழுத்தி, மாற்றம் வரும்போது அஞ்சல் வரும்படி வைக்கலாம்.

பலர் சறுக்குவது இந்த முதல் படியில்தான். ஆர்வக்கோளாறில் எல்லாத் திட்டங்களையும் டிக் செய்துவிடுகிறார்கள். நிலைத்தன்மை அறிக்கைகளுக்கான ஐஎஸ்எஸ்பி அஞ்சல்களும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது மாதம் எல்லாம் படிக்காமலேயே ஒரு ஃபோல்டருக்குள் போய்விடும். உங்கள் பேலன்ஸ் ஷீட்டை எதிரே வைத்துக்கொண்டு, பெரிய தொகை நிற்கும் நான்கைந்து தலைப்புகளுக்கு மட்டும் ஃபாலோ போடுங்கள். கையகப்படுத்தல் செய்து குட்வில் வைத்திருப்பவருக்கு 2024 மார்ச்சில் வந்த வணிக இணைப்பு, குட்வில் வரைவு. அசோசியேட் கம்பெனிகள் வைத்திருப்பவருக்கு 2024 செப்டம்பரில் வந்த ஈக்விட்டி முறை வரைவு. மாற்றத்தக்க கடன் பத்திரமோ முன்னுரிமைப் பங்கோ வெளியிட்டவருக்கு 2023 நவம்பரின் ஈக்விட்டி தன்மையுள்ள நிதிக்கருவிகள் வரைவு. மின் விநியோகம் போல விலைக்கட்டுப்பாட்டில் இயங்குபவருக்கு 2021 ஜனவரியின் வரைவு.

எதை டிக் செய்வது என்று முடிவெடுக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒதுக்கீடுகள், அதாவது எதிர்காலப் பொறுப்புகளுக்காக ஒதுக்கிவைக்கும் தொகைகள் பற்றிய பழைய வரிசைச் சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 37-க்கு 2024 நவம்பரில் வந்த வரைவை எடுத்துக்கொள்வோம். நீண்ட கால ஒதுக்கீடுகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி வீதத்தில் கம்பெனியின் சொந்தக் கடன் அபாயத்தைச் சேர்க்கக் கூடாது என்பது அதில் ஒரு முன்மொழிவு. கேட்க ஒரு வரிதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வைத்திருக்கும் சிமென்ட் கம்பெனி, 20 ஆண்டு கழித்துச் சுரங்கத்தை மூடிச் சீரமைக்க 100 கோடி ரூபாய் ஆகும் என்று வைத்திருந்தால், 9 சதவீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 17.8 கோடி. கடன் அபாயத்தைக் கழித்து வீதம் 7 சதவீதமானால் 25.8 கோடி. ஒரே பொறுப்பு, ஒரே சுரங்கம், ஒதுக்கீடு மட்டும் 45 சதவீதம் போல ஏறுகிறது. காற்றாலை நிலத்தைப் பழையபடி திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களுக்கும் இதே கணக்குதான். உங்களிடம் நீண்ட கால ஒதுக்கீடே இல்லையென்றால் அந்த வரைவைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

அட்டவணையில் ‘அடுத்த கட்டம்’ என்ற நெடுவரிசையில் வரும் சொற்களை எடை போடத் தெரிந்திருக்க வேண்டும். ‘டிசைட் பிராஜெக்ட் டைரக்‌ஷன்’ என்றிருந்தால் திட்டம் பிழைக்குமா, கைவிடப்படுமா என்றே இன்னும் தெரியாது. செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ‘எக்ஸ்போஷர் டிராஃப்ட்’ என்றால் வரைவு வரப்போகிறது. ‘எக்ஸ்போஷர் டிராஃப்ட் ஃபீட்பேக்’ என்றால் கருத்துக்கேட்பு முடிந்து, வந்த கடிதங்களை அலசப் போகிறார்கள். ‘ஐஎஃப்ஆர்எஸ் அக்கவுன்டிங் ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘அமெண்ட்மென்ட்’ என்று வந்துவிட்டால், கோப்பை ஆராய்ச்சி அலமாரியிலிருந்து வேலை மேசைக்கு மாற்றிவிடுங்கள்.

தேதியை மட்டும் வேத வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அருகில் இருப்பதற்கு மாதம் போடுவார்கள், தள்ளி இருப்பதற்கு அரையாண்டு அல்லது காலாண்டு போடுவார்கள். அரையாண்டு போட்டிருந்தால் அது விருப்பம், மாதம் போட்டிருந்தால்தான் திட்டம் என்று படித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஒப்பந்தத் திட்டம் ஐஏஎஸ்பி-க்கு முன்னோடியான ஐஏஎஸ்சி காலத்தில் 1997-இல் தொடங்கி, ஐஎஃப்ஆர்எஸ் 17 ஆக வெளிவந்தது 2017 மே மாதம். 2021 என்று குறித்த அமல் தேதி பிறகு 2023 ஜனவரி 1-க்குத் தள்ளியது. மறுபக்கம், அவசரம் என்று வந்துவிட்டால் அவர்கள் ஓடவும் செய்வார்கள். உலகளாவிய குறைந்தபட்ச வரி தொடர்பாக, வருமான வரி பற்றிய ஐஏஎஸ் 12-க்கு 2023 ஜனவரியில் வரைவு வந்தது. 60 நாள் கருத்துக்கேட்பு. மே 23-இல் இறுதித் திருத்தம் வெளியாகிவிட்டது. வழக்கமான அவகாசம் 120 நாள். அதைவிடக் குறைத்துக் கேட்டாலே திட்டம் வேகம் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பாதி வாசகர்கள் கவனிக்காத இடம், வரைவுக்கும் இறுதித் தரநிலைக்கும் நடுவில் இருக்கும் மறுபரிசீலனைக் காலம். வரைவை ஒரு தடவை படித்துவிட்டு, பவர்பாயின்ட் போட்டு டைரக்டர்களிடம் காட்டிவிட்டு, இறுதி வடிவம் வரும்வரை தூங்கிவிடுகிறார்கள். 2013-இல் வந்த குத்தகை வரைவு, குத்தகைதாரருக்கு டைப் ஏ, டைப் பி என்று இரண்டு முறைகளை வைத்தது. கட்டடக் குத்தகைகள் பெரும்பாலும் டைப் பி, செலவு ஆண்டுதோறும் சமமாக விழும். அதை நம்பி சாஃப்ட்வேர் அமைத்திருந்தால் வீண். இறுதி ஐஎஃப்ஆர்எஸ் 16-இல் குத்தகைதாரருக்கு ஒரே முறைதான், டைப் பி காணாமல் போனது. நிதிநிலை அறிக்கைகளின் வடிவம் பற்றிய ஐஎஃப்ஆர்எஸ் 18-க்கான 2019 டிசம்பர் வரைவும் இப்படித்தான். அசோசியேட்களைத் தொழிலோடு ஒன்றியவை, ஒன்றாதவை என்று பிரிக்கச் சொன்னது, வழக்கத்துக்கு மாறான வருமானம், செலவைத் தனியே காட்டச் சொன்னது. 2024 ஏப்ரல் 9-இல் வெளியான தரநிலையில் இரண்டும் இல்லை.

இந்த இடைக்காலத்தைப் பின்தொடர இதே தளத்தில் இரண்டு சாதனங்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் பிறகு வெளியாகும் ‘ஐஏஎஸ்பி அப்டேட்’. எடுத்த தற்காலிக முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். இன்னொன்று, கூட்டத்துக்கு முன்பே ஏற்றப்படும் பணியாளர் தாள்கள். இவற்றுக்குத் திட்டவாரியாக நிலையான எண் உண்டு. ஈக்விட்டி முறைக்கு ஏபி (அஜெண்டா பேப்பர்) 13, குட்வில்லுக்கு ஏபி 18, ஒதுக்கீடுகளுக்கு ஏபி 22, விலைக்கட்டுப்பாட்டுக்கு ஏபி 9. எண் தெரிந்துவிட்டால் நீண்ட பட்டியலில் கண் நேராக அங்கே போகும். தாள்களை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. முதல் பக்கங்களில் பணியாளர் பரிந்துரையின் சுருக்கம் இருக்கும், அது போதும். ஆனால் ஒரு தாளைத் தவறவிடக் கூடாது. தலைப்பில் ‘பேலட்டிங்’ தொடங்க அனுமதி, அதாவது இறுதி வாசகத்தை உறுப்பினர் வாக்குக்கு விட அனுமதி, என்ற சொல் வரும் தாள் அது. எந்த அத்தியாவசியக் கட்டங்களை முடித்தோம், மறுபடியும் வரைவாக வெளியிட வேண்டுமா வேண்டாமா, அமல் தேதி எது என்று எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பிறகு உள்ளடக்கம் பெரிதாக மாறுவது அபூர்வம். சிஸ்டம் மாற்றத்துக்கு பட்ஜெட் கேட்க இதுவே சரியான நேரம். வரைவு வந்த அன்றே கேட்பது முந்திரிக்கொட்டைத்தனம், அரசிதழ் வந்த பின் கேட்டால் முதலாளி உங்களையே கேள்வி கேட்பார்.

வரைவு ஆவணம் நூறு பக்கத்தைத் தாண்டினால் மலைக்க வேண்டாம். பெரிய வரைவுகளுக்கு ‘ஸ்னாப்ஷாட்’ என்று ஒரு சுருக்கத்தைத் தனியே போடுவார்கள். ஆவணத்துக்குள் முதலில் படிக்க வேண்டியது கருத்துக்கேட்புக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே முன்மொழிவு ஒரு பத்தியில் இருக்கும். அடுத்து நேராகக் கடைசிக்குப் போய் பழைய விதியிலிருந்து புதியதற்கு மாறும் காலத்துக்கான விதிகளைப் பாருங்கள். பழைய ஆண்டுக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டுமா, தொடக்க இருப்பில் சரிசெய்தால் போதுமா என்பதுதான் உங்கள் வேலைப் பளுவைத் தீர்மானிக்கும். பிறகு முடிவுகளுக்கான காரணங்கள் பகுதி. அதன் முடிவில் குழு உறுப்பினர் யாராவது ‘மாற்றுக் கருத்து’ எழுதியிருந்தால் கட்டாயம் படிக்க வேண்டும். எந்த முன்மொழிவு மறுபரிசீலனையில் ஆட்டம் காணும் என்பதற்கு முதல் துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். விதிகளின் உடல் பகுதி கடைசியில்.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், இருக்கும் தரநிலையை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் விளக்கக் குழுவின் (ஐஎஃப்ரிக்) அஜெண்டா முடிவுகள். இவை திட்டங்களைப் போலத் தெரியாமல் அட்டவணையின் கீழ்ப்பகுதியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. தற்காலிக அஜெண்டா முடிவுக்கு 60 நாள் அவகாசம். இறுதியானதும் தனி அமல் தேதி கிடையாது, ‘போதுமான கால அவகாசத்தில்’ பின்பற்ற வேண்டும் என்பதுதான் நிலை. கிளவுட் சாஃப்ட்வேரை அமைக்கவும் மாற்றியமைக்கவும் ஆகும் செலவு பற்றி 2021-இல் வந்த முடிவு, தரநிலையில் ஒரு எழுத்தும் மாறாமலே பல கம்பெனிகளில் சொத்தாக நின்ற தொகையைச் செலவாக மாற்ற வைத்தது. ஆகவே ‘ஐஎஃப்ரிக் அப்டேட்’ என்ற மடலுக்கும் தனியாக டிக் போட்டுவிடுங்கள்.

ஐசிஏஐ தளம்: 5-க்கு 3½

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கணக்கியல் தரநிலை வாரியம் 1977-இலிருந்து இயங்குகிறது. ஐஏஎஸ்பி வரைவு வந்தால் அதை இங்கேயும் கருத்துக்கு விடுவார்கள். இறுதித் தரநிலை வந்த பின் அதற்கு இணையான இண்ட் ஏஎஸ் வரைவைத் தனியாக வெளியிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் விதியின் கருவையே கேள்வி கேட்கலாம். இரண்டாவதில் கரு முடிந்துபோன விஷயம். இந்தியச் சட்டத்தோடும் நடைமுறையோடும் எங்கே இடிக்கிறது என்று சொல்வதற்கு மட்டுமே இடம். இரண்டாவது கட்டத்தில் போய் ‘இந்தக் கோட்பாடே தவறு’ என்று ஐந்து பக்கம் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

இதன் உண்மையான பலம், இண்ட் ஏஎஸ் எங்கே விலகுகிறது என்பதைக் காட்டுவது. வரைவின் இறுதியில் ஐஎஃப்ஆர்எஸ்-உடன் ஒப்பீடு இருக்கும். முதலில் அதைத் திறங்கள். முதலீட்டுச் சொத்துக்கு நியாய மதிப்பு முறை இண்ட் ஏஎஸ் 40-இல் கிடையாது. ஒரே கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனிகளின் இணைப்புக்கு இண்ட் ஏஎஸ் 103-இல் தனிப் பின்னிணைப்பு இருக்கிறது. வெளிநாட்டு நாணய மாற்றுக் கடன் பத்திரத்தின் மாற்றும் உரிமையை ஈக்விட்டியாகக் காட்ட இண்ட் ஏஎஸ் 32 சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. லண்டன் பக்கத்தை மட்டும் பார்த்துக் குறிப்பு எடுப்பவர் இப்படிப்பட்ட இடங்களில் தடுக்கி விழுவார்.

பலவீனம், திட்ட வாரியான ஒரு ஒர்க் பிளான் அட்டவணை இல்லாதது. அறிவிப்புகள் தேதி வரிசையில் வருகின்றன. இண்ட் ஏஎஸ், இண்ட் ஏஎஸ் பொருந்தாத கம்பெனிகளுக்கான பழைய ஏஎஸ், தணிக்கைத் தரநிலை எல்லாம் தனித்தனி வாரியங்களின் பக்கங்களில். எந்த வரைவு எந்தப் படியில் நிற்கிறது என்பதை நீங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வெளியிடும் இண்ட் ஏஎஸ் தொகுப்பு மட்டும் அசல் பொக்கிஷம். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

அமைச்சகமும் அரசிதழும்: 5-க்கு 2½

ஐசிஏஐ பரிந்துரைத்த பிறகு, 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையமான என்எஃப்ஆர்ஏ ஆராய்ந்து பரிந்துரைக்கும். அதன் பிறகு அமைச்சகம், கம்பெனிச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி, 2015 பிப்ரவரி 16-இல் வந்த இண்ட் ஏஎஸ் விதிகளுக்குத் திருத்தமாக அறிவிக்கை செய்யும். ஜி.எஸ்.ஆர். எண்ணுடன் அரசிதழில் வந்தால்தான் அது சட்டம். அதற்கு முன் எதுவும் கட்டாயமில்லை. அதற்குப் பின் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லவும் முடியாது.

ஆதாரம் என்ற அளவில் இதற்கு மாற்று இல்லை. முன்னெச்சரிக்கை என்ற அளவில்தான் மதிப்பெண் சரிகிறது. எப்போது வரும் என்பதற்கு அட்டவணை கிடையாது. மார்ச் கடைசி வாரம் என்று பழகிப்போயிருந்தவர்களுக்கு 2025 வேறு பாடம் சொன்னது. நாணயத்தை மாற்ற முடியாத நிலை பற்றிய இண்ட் ஏஎஸ் 21 திருத்தம் மே 7-இல் வந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் அமல். கடன் நிபந்தனைகளும் நடப்பு, நடப்பல்லாத வகைப்பாடும், சப்ளையர் நிதி ஏற்பாடுகள், குறைந்தபட்ச வரி ஆகியவை ஆகஸ்ட் 13-இல் வந்தன. அவையும் ஏப்ரல் 1 முதல். அதாவது முதல் காலாண்டு முடிந்த பிறகு வந்த விதி, முதல் காலாண்டுக்கும் பொருந்தியது.

அந்தச் சப்ளையர் நிதி ஏற்பாட்டையே பாருங்கள். சப்ளையருக்கு வங்கி முன்கூட்டியே பணம் கொடுத்துவிட, கம்பெனி பிறகு வங்கிக்குக் கட்டும் முறை. இதில், நிலுவைத் தொகையில் எவ்வளவுக்கு சப்ளையர்கள் ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டார்கள் என்று குறிப்பில் காட்ட வேண்டும். அந்தத் தகவல் கம்பெனியின் டேலியிலோ சாப்பிலோ இருக்காது, வங்கியிடம்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் அப்படியொரு அறிக்கை தர வேண்டும் என்று எழுதவில்லையென்றால் வருடக் கடைசியில் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐஏஎஸ்பி இதற்கான வரைவை விட்டது 2021 நவம்பரில், இறுதி செய்தது 2023 மே மாதத்தில். இடையில் அந்த வசதியைப் புதுப்பித்தவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அறிவிக்கையைப் படிப்பதும் ஒரு கலை. ‘இன்ன பத்திக்குப் பதிலாக இது வைக்கப்படும், இன்ன பத்திக்குப் பின் இது சேர்க்கப்படும்’ என்று ஒட்டுத் துணிகளாக வரும், முழு உரை வராது. பழைய தரநிலையைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒட்டிப் படிக்க வேண்டும். முழு உரைக்கு ஐசிஏஐ தொகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது திருத்தப்பட்ட பத்திகளை நீங்களே ஒரு வேர்ட் கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக் கணக்கின் குறிப்புகளில் ‘அறிவிக்கை செய்யப்பட்டு இன்னும் அமலாகாதவை’ பகுதியை எழுதுபவருக்கு இந்தக் கோப்புதான் துணை. வரைவுகள் அந்தக் குறிப்பில் வர வேண்டியதில்லை. இண்ட் ஏஎஸ் 8-இன் 30-ஆம் பத்தி கேட்பது வெளியிடப்பட்டுவிட்ட தரநிலைகளை மட்டுமே. அமெரிக்கச் சந்தையில் பட்டியலிட்டு ஐஎஃப்ஆர்எஸ் கணக்கும் கொடுக்கும் கம்பெனிகளுக்கு இரண்டு பட்டியல் தேவைப்படும். ஒன்றை மற்றொன்றிலிருந்து காப்பி அடித்தால் பிழை நிச்சயம்.

அறிவிக்கை வந்ததோடும் கதை முடியாது. காப்பீட்டு ஒப்பந்தங்கள் பற்றிய இண்ட் ஏஎஸ் 117, 2024 ஆகஸ்ட் 12-இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28-இல் இன்னொரு திருத்தம் வந்து, காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையம் சொல்லும்வரை காப்பீட்டுக் கம்பெனிகள் தாய்க் கம்பெனியின் ஒருங்கிணைந்த கணக்குக்காகப் பழைய இண்ட் ஏஎஸ் 104-ன்படியே கணக்குக் கொடுக்கலாம் என்றது. வங்கிகளுக்கோ ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் இண்ட் ஏஎஸ்-ஐயே காலவரையின்றித் தள்ளிவைத்தது. துறைக் கட்டுப்பாட்டாளர் இருக்கும் இடத்தில் அவர் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அரசிதழும் பாதி உண்மைதான்.

அடுத்து வரிசையில் நிற்பது ஐஎஃப்ஆர்எஸ் 18. உலக அளவில் 2027 ஜனவரி 1 முதல், ஐஏஎஸ் 1-க்குப் பதிலாக. லாப நட்டக் கணக்கில் இயக்கம், முதலீடு, நிதி என்ற பிரிவுகளும், இயக்க லாபம், நிதிச் செலவுக்கும் வரிக்கும் முந்தைய லாபம் என்ற இரண்டு கட்டாய இடைக்கூட்டல்களும் வருகின்றன. இங்கே இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. இண்ட் ஏஎஸ் கம்பெனிகளின் லாப நட்டக் கணக்கு வடிவத்தைக் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பிரிவு 2 தீர்மானிக்கிறது. தரநிலை மட்டும் மாறி அட்டவணை மாறாமல் இருக்க முடியாது. ஆகவே அமைச்சகப் பக்கத்தில் இண்ட் ஏஎஸ் விதிகளை மட்டும் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார், மூன்றாம் அட்டவணைத் திருத்தத்தையும் தேட வேண்டும். இந்தியாவிலும் அதே ஆண்டு அமலானால், 2027-28 கணக்கோடு ஒப்பிட 2026-27 எண்களையும் புதிய வடிவில் தர வேண்டும். வட்டி வருமானம், அந்நியச் செலாவணி வித்தியாசம் போன்ற லெட்ஜர்களை எந்தப் பிரிவில் போடுவது என்ற வேலை அந்த முந்தைய ஆண்டின் ஏப்ரலிலேயே தொடங்கியாக வேண்டும். செலாவணி வித்தியாசத்தை அது எழுந்த கணக்கின் பிரிவிலேயே போடுவது பொது விதி. கடனாளர், கடன் கொடுத்தவர், வங்கிக் கடன் எல்லாவற்றின் வித்தியாசத்தையும் ஒரே லெட்ஜரில் கொட்டி வைத்திருப்பவர்கள் ஆண்டு முடிவில் அதைப் பிரிக்க முடியாமல் திணறுவார்கள்.

பெரிய நிறுவனங்களின் செய்திமடல்கள்: 5-க்கு 3

இறுதித் தரநிலையை விளக்குவதில் பெரிய நான்கு தணிக்கை நிறுவனங்களின் மடல்கள் கெட்டி. எடுத்துக்காட்டுகள், ஜர்னல் பதிவுகள், மாதிரிக் கணக்குகள் எல்லாம் உண்டு. கேபிஎம்ஜி இந்தியாவின் ‘ஃபர்ஸ்ட் நோட்ஸ்’ போன்றவை அமைச்சகம், செபி, ஐசிஏஐ மாற்றங்களை ஒரே இடத்தில் சொல்லிவிடும். அரசிதழ் வந்த செய்தியைப் பலரும் முதலில் அறிவது இப்படிப்பட்ட மடல்களில்தான், அந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்றிரண்டுக்குப் பதிவு செய்துவைக்கலாம்.

வரைவு நிலையில் மட்டும் இவை கொஞ்சம் மெத்தனம். வரைவு வந்த வாரம் ஒரு சுருக்கம், இறுதியான வாரம் இன்னொரு சுருக்கம், நடுவில் நடந்த இரண்டு ஆண்டு விவாதம் பெரும்பாலும் இருக்காது. தலைப்பைப் பார்த்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: இது வரைவா இறுதியா, ஐஎஃப்ஆர்எஸ்-ஆ இண்ட் ஏஎஸ்-ஆ, எந்த தேதியில் எழுதியது. இப்போது பலர் ஏஐ கருவியிடம் சுருக்கம் கேட்கிறார்கள். வரைவில் இருந்து கைவிடப்பட்டதை இறுதி விதி மாதிரிச் சொல்லிவிடும் ஆபத்து அங்கே அதிகம். பத்தி எண்ணைக் கேட்டு, அசலில் ஒத்துப் பார்க்காமல் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

காசு கட்டும் எச்சரிக்கைச் சேவைகள் பல இருக்கின்றன. ஒரு நாட்டுத் தரநிலையில் மட்டும் கணக்கு எழுதும் கம்பெனிக்கு இவை தேவையில்லை. நான்கைந்து நாடுகளின் தரநிலைகளைக் கையாளும் ஷேர்டு சர்வீஸ் மையம் என்றால் யோசிக்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: கடந்த மாத ஐஏஎஸ்பி கூட்டத்தின் தற்காலிக முடிவு ஒன்றை அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் இலவச மடல்களைத்தான் மறுபொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

எஃப்ராக்: குறைவாக அறியப்பட்ட நல்ல சரக்கு, 5-க்கு 4

பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இந்த அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்காக வேலை செய்கிறது. ஐஏஎஸ்பி வரைவு வந்த சில வாரங்களில் தன் கருத்துக் கடிதத்தின் வரைவைப் பொதுவில் வைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்மொழிவின் சுருக்கம், அதில் உள்ள சிக்கல், மாற்று யோசனை. வரைவின் பலவீனங்களை இரண்டு மணி நேரத்தில் புரிந்துகொள்ள இதைவிடக் குறுக்கு வழி இல்லை. நாம் ஐரோப்பாவில் இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். சிக்கல்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானவை.

அமெரிக்கக் கணக்கும் பிரிட்டிஷ் கணக்கும்

சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கணக்கு எழுதும் குழுக்களுக்கு இரண்டே குறிப்பு. அமெரிக்கத் தரநிலைகளுக்கு, அவற்றை எழுதும் எஃப்ஏஎஸ்பி தளத்தின் டெக்னிக்கல் அஜெண்டாவும், ‘ஆக்‌ஷன் அலர்ட்’ மடலும் போதும். அமல் தேதி பொதுச் சந்தைக் கம்பெனிகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறு என்று இருக்கும். வாடிக்கையாளர் எந்த வகை என்று தெரியாமல் தேதி குறிக்காதீர்கள். பிரிட்டனில் வரைவுக்குப் பெயர் ‘ஃப்ரெட்’. அங்கே சர்வதேசத் தரநிலை பின்பற்றாத கம்பெனிகளுக்கான எஃப்ஆர்எஸ் 102-க்கு 2022 டிசம்பரில் வந்த ஃப்ரெட் 82, 2024 மார்ச்சில் இறுதியாகி, 2026 ஜனவரி 1 முதல் சிறு கம்பெனிகளின் குத்தகைகளையும் பேலன்ஸ் ஷீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. குத்தகைப் பட்டியல் திரட்டும் வேலை முழுக்க அவுட்சோர்சிங் குழுக்களின் தலையில்தான் விழும்.

இலங்கை வாசகர்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. 2012 முதல் எஸ்எல்எஃப்ஆர்எஸ், எல்கேஏஎஸ் என்ற பெயரில் சர்வதேசத் தரநிலைகளைத் தழுவியே நடப்பதால், லண்டன் பணித்திட்டப் பக்கத்தை முதன்மையாக வைத்து, அமல் தேதியை மட்டும் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் அறிவிப்பில் சரிபார்த்தால் போதும். மலேசியாவின் எம்எஃப்ஆர்எஸ்-க்கும் ஏறத்தாழ இதே வழி.

இவற்றை எல்லாம் கட்டிவைக்க ஒரு எக்செல் ஷீட்

மேலே சொன்ன எந்தச் சேவையும் லண்டன் தேதியையும் தில்லி தேதியையும் உங்கள் லெட்ஜரையும் ஒரே வரியில் தராது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். திட்டம், இப்போதைய கட்டம், கருத்துக்குக் கடைசித் தேதி, வரைவுக்குப் பின் மாறிய முடிவுகள், ஐஏஎஸ்பி அமல் தேதி, ஐசிஏஐ நிலை, ஜி.எஸ்.ஆர். எண்ணும் தேதியும், பாதிக்கப்படும் லெட்ஜர்கள், தரவு யாரிடம் இருக்கிறது. ஒன்பது நெடுவரிசை. மாதக் கூட்டத்தின் அப்டேட் வந்த மறுநாள் முக்கால் மணி நேரம் போதும். ஆகஸ்டில் வழக்கமாகக் கூட்டம் இருக்காது, அந்த மாதம் பழைய வரிகளைத் துப்புரவு செய்யலாம். ‘தரவு யாரிடம்’ என்ற கடைசி நெடுவரிசையைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். சப்ளையர் நிதி ஏற்பாட்டில் அந்தக் கட்டத்தில் ‘வங்கி’ என்று எழுத வேண்டியிருந்தது நினைவிருக்கட்டும்.

கருத்துக் கடிதம் அனுப்புவது பெரிய ஃபர்ம்களுக்கு மட்டும் உரியதல்ல. ஐஏஎஸ்பி தளத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், கடிதங்கள் பொதுப் பார்வைக்குப் போகும் என்பதால் கம்பெனி ரகசியம் எதையும் எழுதக் கூடாது. எல்லாக் கேள்விக்கும் பதில் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வியின் எண்ணைப் போட்டு, அந்த விதி உங்கள் தொழிலில் எப்படிச் சிக்கும் என்று எண்களோடு ஒன்றரைப் பக்கம், முடிந்தால் மாற்று வாசகம். ‘ஆதரிக்கிறோம்’ என்று மட்டும் சொல்லும் பத்துப் பக்கத்தைவிட பணியாளர்களுக்கு அது உதவும். ஐசிஏஐ வழியாக அனுப்புவதானால் ஒன்றைக் கவனியுங்கள். வந்த கருத்துகளைத் தொகுத்து லண்டனுக்கு அனுப்ப அவர்களுக்கும் நேரம் வேண்டும் என்பதால், அவர்கள் கேட்கும் கடைசித் தேதி ஐஏஎஸ்பி தேதிக்கு முன்பாகவே விழும். ஷீட்டின் மூன்றாவது நெடுவரிசையில் எழுத வேண்டியது அந்த முந்தைய தேதியை.